பத்து மணிக்கு மேல் மீட்டர் எதற்கு?

ஆடி மாதத்துச் சனிக்கிழமை, ராத்திரி பதினொன்றே கால். சென்னையில் ஒரு தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றி முடித்தாகிவிட்டது. மைக் செட் மட்டும் முடிந்தபாடில்லை. எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள் எட்டு மணியோடு தீர்ந்து, இப்போது சினிமாக் குத்துப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. நாலு வீடு தள்ளி, மறுநாள் காலையில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டிய பெண் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய அப்பா காவல் நிலையத்துக்குப் போன் போடுகிறார்.

"சார், சவுண்டு ரொம்ப ஜாஸ்தியா இருக்கு."

"திருவிழாதானே சார், வருஷத்துல ஒரு நாள். கம்மியா வைக்கச் சொல்றோம்."

கம்மியாகத்தான் வைப்பார்கள், பத்து நிமிடத்துக்கு.

அதே ராத்திரி, சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி பெங்களூர் இந்திராநகர். மொட்டை மாடி பப் ஒன்றிலிருந்து 'தும் தும்' என்று அடித்தொனி மட்டும் வந்துகொண்டிருக்கிறது. பாட்டு கேட்கவில்லை, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. பின்தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தம்பதியும் போன் போடுகிறார்கள். கன்னடத்தில் அதே பதில்.

இப்படி எந்த ஊரிலும் எந்தச் சனிக்கிழமையும் நடக்கும். இரண்டு வீட்டாரும் செய்த பிழை ஒன்றுதான்: 'சத்தம் அதிகம்' என்று புகார் சொன்னார்கள். அதிகமா இல்லையா என்பதை வைத்து விடிய விடிய வாதாடலாம். மணி பத்தைத் தாண்டிவிட்டதா என்பதில் வாதமே கிடையாது. இந்த வித்தியாசத்தைச் சட்டமே உங்கள் கையில் கொடுத்திருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கூடவே, ஒரே சட்டத்தை வைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்து நகரங்கள் இரண்டும் எப்படி வேறு வேறு பாதையில் போகின்றன என்பதையும் பார்ப்போம்.

சட்டம் ஒன்றுதான்

சென்னைக்கும் பெங்களூருக்கும் தனித்தனி ஒலிச் சட்டம் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு ஒலி மாசு விதிகளைக் கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் அதுதான். அது ஊரை நான்காகப் பிரிக்கிறது. தொழிற்பேட்டைப் பகுதியில் பகலில் 75 டெசிபல், இரவில் 70. வணிகப் பகுதியில் 65, 55. குடியிருப்புப் பகுதியில் 55, 45. மருத்துவமனை, பள்ளி, கல்லூரி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத இடத்தை அமைதிப் பகுதி என்று அறிவிக்கலாம். அங்கே 50, 40. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. மீதி எட்டு மணி நேரம் இரவு.

அமைதிப் பகுதி விஷயத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முன்பெல்லாம் ஆஸ்பத்திரி இருந்தாலே அது அமைதிப் பகுதி என்று வாதாட முடிந்தது. 2017-இல் விதியைத் திருத்தி, மாநில அரசு தனியாக அறிவித்தால்தான் அமைதிப் பகுதி என்று ஆக்கிவிட்டார்கள். ஆகவே ஆஸ்பத்திரி வாசலில் 'ஹாரன் அடிக்காதீர்' பலகை இருப்பதை மட்டும் நம்பிச் சண்டைக்குப் போகவேண்டாம்.

டெசிபல் கணக்கு கடைக் கணக்கு மாதிரி போகாது. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும். ஒரு மீட்டர் தூரத்தில் இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்வது 60 டெசிபல் அளவில் வரும். அப்படியானால் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் விதித்த 45 என்பது, தெருவில் யாரும் பேசிக்கொண்டு நிற்கக்கூட இடம் தராத அளவு. உலக சுகாதார நிறுவனம் 1999-இல் சொன்ன கணக்கு இன்னும் கறார்: நல்ல தூக்கம் வேண்டுமென்றால் படுக்கையறைக்குள் 30-க்கு மேல் கூடாது. காகிதத்தில் நம் விதி மோசமில்லை. நம் ஊர்ச் சாலைகளில் ஆட்டோவும் பஸ்ஸும் போகிற போக்கில் இந்த எண்ணைத் தாண்டிவிடுகின்றன என்பது வேறு விஷயம்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011 முதல் ஏழு பெருநகரங்களில் ஒலியை இருபத்துநாலு மணி நேரமும் அளந்து வருகிறது. இரண்டு ஊர்களிலும் தலா பத்து நிலையங்கள். சென்னையில் திருவல்லிக்கேணி, வேளச்சேரி, சவுகார்பேட்டை, கிண்டி போன்ற இடங்களில், பெங்களூரில் பி.டி.எம். லேஅவுட், தொம்மலூர், மாரத்தஹள்ளி, நிம்ஹான்ஸ் மருத்துவமனை போன்ற இடங்களில். ஊரின் காய்ச்சல் எவ்வளவு என்று இந்த நிலையங்கள் சொல்லும். உங்கள் எதிர்வீட்டு மொட்டை மாடியில் நடக்கும் பிறந்தநாள் பார்ட்டி அவற்றின் காதில் விழாது.

மீட்டர் கைவிடும் இடங்கள்

மீட்டர் எல்லா ஒலியையும் சேர்த்தே அளக்கும். யாருடைய ஒலி என்று பிரித்துச் சொல்லாது. சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். நகர். அங்கே ஒரு பெந்தெகொஸ்தே சபையின் ஜெபக்கூடம். டிரம்ஸ், கிடார், ஒலிபெருக்கியோடு ஆராதனை நடக்கும். பக்கத்துக் குடியிருப்போர் நலச் சங்கம் 1996-இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் முறையிட்டது. அளந்தார்கள். அளவு கூடுதலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சாலையில் ஓடும் வண்டிகளின் சத்தமும் அதில் கலந்திருந்தது. 'எங்களை மட்டும் குறிவைக்கிறார்கள், இது மத உரிமை' என்று சபை வாதாடியது. 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் சபையின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. எந்த மதமும் ஒலிபெருக்கி வைத்தோ மேளம் அடித்தோ அடுத்தவர் அமைதியைக் கெடுத்துத்தான் பிரார்த்திக்க வேண்டும் என்று சொல்லவில்லை என்பது தீர்ப்பின் சாரம். இன்றைக்கும் கோயில், மசூதி, சர்ச் எதைப் பற்றிய ஒலி வழக்கு என்றாலும் வக்கீல்கள் முதலில் எடுப்பது இந்தத் தீர்ப்பைத்தான்.

சங்கம் ஜெயித்தது சரி. புகாருக்கும் தீர்ப்புக்கும் நடுவே நாலு வருஷம் ஓடிவிட்டது. அளவை வைத்துச் சண்டை போட்டால் ஆகும் காலம் அது.

இன்னொரு கோளாறு நுட்பமானது. விதியில் சொல்லும் டெசிபல், மனிதக் காதின் உணர்திறனுக்கு ஏற்ப வடிகட்டிய 'ஏ' வகை டெசிபல். தாழ்ந்த தொனிகளை இந்த வடிகட்டி வெகுவாகக் கழித்துவிடும். 63 ஹெர்ட்ஸில் இருக்கும் ஓர் அடித்தொனியில் சுமார் 26 டெசிபலைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுகிறது. இந்திராநகர் தம்பதியின் ஜன்னலை ஆட்டுவது இந்தத் தொனிதான். சுவரைத் துளைத்து வருவதும் இதுதான், மீட்டரில் அடக்கமாகத் தெரிவதும் இதுதான். தமிழ்நாட்டில் கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்குத் தடை வந்து, பெட்டி வடிவ ஸ்பீக்கருக்கு மட்டும் அனுமதி என்றானபோது பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். கூம்பு, கீச்சுக் குரலை ஒரே திசையில் அரை ஊர் தூரம் தள்ளும். அது போனது நல்லதுதான். ஆனால் அந்த இடத்துக்கு ஆளுயரப் பெட்டிகள் வந்து நின்றன. காதைப் பிடித்த தொல்லை இப்போது நெஞ்சைப் பிடித்திருக்கிறது.

2010-இல் வந்த ஒரு வரி

இப்போது விஷயத்துக்கு வருவோம். விதி எண் 7, பொதுமக்கள் புகார் பற்றியது. 2000-இல் எழுதியபோது, ஒலி அந்தப் பகுதிக்கான அளவைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் புகார் செய்யலாம் என்று இருந்தது. அதாவது, புகார் கொடுக்கவே அளவு தெரிந்திருக்க வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு யாரிடம் மீட்டர் இருக்கும்? 2010 ஜனவரியில் திருத்தம் வந்தது. இரவு நேரக் கட்டுப்பாடுகளில் எதை மீறினாலும் புகார் செய்யலாம் என்று சேர்த்தார்கள். அந்தத் திருத்தத்துக்குப் பிறகு இரவுப் புகாருக்கு டெசிபல் கணக்கு தேவையில்லை.

சரி, இரவுக் கட்டுப்பாடுகள் என்னென்ன? இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி, இசைக்கருவி, ஆம்ப்ளிஃபையர் எதையும் திறந்த வெளியில் பயன்படுத்தக் கூடாது. மூடிய அரங்கு, கல்யாண மண்டபம், மாநாட்டுக் கூடம் போன்ற இடங்களில் உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கும் அளவில் வைத்துக்கொள்ளலாம். மண்டபத்துக் கதவைத் திறந்து வைத்துவிட்டு 'உள்ளேதானே பாடுகிறோம்' என்று சொல்வது இதில் சேராது. குடியிருப்புப் பகுதியில் இரவில் ஹாரன் அடிக்கக் கூடாது. சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை ஓட்டக் கூடாது. வெடி வெடிக்கக் கூடாது. அவசர நிலை வந்தால் ஒலிபெருக்கிக்கும் ஹாரனுக்கும் விலக்கு உண்டு.

பகலிலும் ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். அனுமதி வாங்கினாலும், பொது இடத்தின் எல்லையில் அந்தப் பகுதியின் அளவைவிட 10 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது. 75-ஐயும் தாண்டக் கூடாது. குடியிருப்புத் தெருவில் இது 65. உங்கள் சொந்த வீட்டு ஹோம் தியேட்டர் என்றால் காம்பவுண்டுச் சுவர் அருகே 5 டெசிபல்தான் கூடலாம். பகலில் 60, இரவில் 50.

"திருவிழாவுக்கு விலக்கு உண்டே?" என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் அதைக் கொடுப்பது காவல் நிலையமோ கவுன்சிலரோ அல்ல. மாநில அரசுதான், ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாட்களுக்கு, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை நீட்டித்துத் தரலாம். எந்தெந்த நாட்கள் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். 2005 அக்டோபரில் இந்த விலக்கைச் சரி என்று ஏற்ற உச்ச நீதிமன்றம், கூடவே அன்றைக்குக் கடிவாளமும் போட்டது: அரசு இந்த அதிகாரத்தை வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது, மாநிலம் முழுவதற்கும் ஒரே நாட்களாக இருக்க வேண்டும், அமைதிப் பகுதிக்கு இது பொருந்தாது. 2017 திருத்தத்துக்குப் பிறகு, மாநில அரசு அதிகாரம் கொடுத்தால் மாவட்ட நிர்வாகமும் தன் எல்லைக்கான நாட்களைக் குறிக்கலாம். எப்படியானாலும், 'எங்க தெருவுக்கு மட்டும் இன்னைக்கு பர்மிஷன் வாங்கியிருக்கோம்' என்று யாராவது பதினொரு மணிக்குச் சொன்னால், அப்படி ஓர் அனுமதி சட்டத்திலேயே கிடையாது.

அதே 2005-ஆம் ஆண்டு ஜூலை 18 அன்று வந்த பெரிய தீர்ப்பின் பின்னணி பலருக்குத் தெரியாது. பாலியல் வன்முறைக்கு ஆளான 13 வயதுச் சிறுமி ஒருத்தி போட்ட கூக்குரல், அக்கம்பக்கத்து ஒலிபெருக்கிச் சத்தத்தில் யார் காதிலும் விழாமல் போனது. பிறகு அவள் தீக்குளித்து இறந்தாள். அதைப் படித்த ஒரு பொறியாளர் போட்ட பொதுநல மனுவில்தான் அந்த வழக்கு தொடங்கியது. சத்தம் என்பதை வெறும் எரிச்சல் சமாச்சாரமாக நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கலாம்.

சென்னை: ஸ்பீக்கரைத் தேடும் ஊர்

சட்டம் ஒன்றானாலும் ஊரின் சத்தம் வேறு. தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003 முதல் டாஸ்மாக்கின் தனிச்சொத்து. அதற்கு வெளியே பார் என்றால் பெரும்பாலும் நட்சத்திர ஓட்டலுக்குள், அல்லது உறுப்பினர் கிளப்புக்குள். தெருவைப் பார்த்தபடி மொட்டை மாடியில் தனியாக நிற்கும் பப் இங்கே தழைக்கவில்லை. அதனால் சென்னையின் இரவுச் சத்தம் பெரும்பாலும் தெருவுக்கும் விழாவுக்கும் சொந்தமானது: ஆடித் திருவிழா, விநாயகர் சதுர்த்தி, கட்சிக் கூட்டம், காது குத்து, மஞ்சள் நீராட்டு, சாவு ஊர்வலம். மார்கழியில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கோயில் ஒலிபெருக்கி வைப்பதும் விதிப்படி இரவுச் சத்தம்தான். ஆறு மணிக்கு முன்னால் எல்லாமே இரவு. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். எனக்கும் திருப்பாவை பிடிக்கும்.

இந்த வகைச் சத்தத்துக்குச் சொந்தக்காரர் ஒரு நிறுவனம் அல்ல. ஒரு விழாக் கமிட்டி. உரிமம் கிடையாது, ரத்து செய்ய எதுவும் இல்லை. ஆகவே சென்னைக் காவல்துறையின் கை ஸ்பீக்கருக்குத்தான் போகும். அனுமதிக் கடிதத்தில் நிபந்தனைகள் எழுதுவார்கள்: பெட்டி வடிவம் மட்டும், இத்தனை மணி வரை. மீறினால் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிவந்துவிடலாம். உடனே பலன் தரும் முறை இது. ஆனால் அடுத்த விழாவுக்கு அடுத்த கமிட்டி, அடுத்த சவுண்ட் சர்வீஸ். மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

யாரிடம் போவது என்பதும் இங்கே கொஞ்சம் சிக்கல். ஒலி விதிகளின்படி மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், அல்லது அரசு நியமிக்கும் டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரிதான் 'அதிகார அமைப்பு'. சென்னையைச் சுற்றி 2022 ஜனவரி முதல் மூன்று காவல் ஆணையர்கள்: சென்னை, ஆவடி, தாம்பரம். பஸ் ஏறினால் ஒரே ஊர், ஆணையரகம் மாறிவிடும். புறநகரில் இருப்பவர்கள் தங்கள் தெரு எந்த ஆணையரகம், எந்த நிலையம் என்பதைப் பகலிலேயே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 'அது எங்க லிமிட் இல்ல சார்' என்ற பதிலைப் பதினொன்றரை மணிக்குக் கேட்பது கொடுமை.

பெங்களூர்: உரிமத்தைப் பிடிக்கும் ஊர்

பெங்களூரில் கதை தலைகீழ். அங்கே காவல் ஆணையர் ஒருவர்தான். மாநகராட்சியை 2025 செப்டம்பரில் ஐந்தாகப் பிரித்துவிட்டார்கள். தனித்து நிற்கும் பப்புகள் ஏராளம். இந்திராநகர் 100 அடிச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பில் வணிகம், முதுகில் வீடுகள். பகலில் முன்பக்கத்துக்கு 65, பின்பக்கத்துக்கு 55 என்று விதி சொல்லும். நடுவில் இருப்பது ஒரு காம்பவுண்டுச் சுவர்தான். ஒலிக்கு அந்தச் சுவர் தெரியுமா?

அங்கே உருவான ஆயுதம் உரிமம். 2005-இல் பெங்களூர் நகரக் காவல் ஆணையர், பொதுப் பொழுதுபோக்கு இடங்களுக்கு உரிமம் வழங்கும் ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். நேரடி இசை வைக்க வேண்டுமானால் காவல்துறை உரிமம் கட்டாயம். ஓட்டல்காரர்கள் எதிர்த்து வழக்குப் போட்டு, அது பல ஆண்டு இழுத்து, 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லும் என்றது. அதற்குப் பிறகு பெங்களூரின் பல பப்புகளில் பாட்டு அடங்கியது. டெசிபல் மீறியதாக யாரும் நிரூபித்ததால் அல்ல. உரிமம் வாங்கப் போனால் கட்டடம் முடிந்ததற்கான சான்று, தீயணைப்புத் துறைச் சான்று என்று கேட்பார்கள். பழைய வீட்டை இடித்துக் கட்டிய பல இடங்களில் அந்தக் காகிதங்கள் இல்லை. சத்தப் பிரச்சினை சத்தமில்லாமல் கட்டட விதிப் பிரச்சினை ஆகிவிட்டது.

ஒலிபெருக்கிகளுக்கு 2022 மே மாதம் கர்நாடக அரசு இன்னொரு முறையைக் கொண்டுவந்தது. அனுமதியின்றி ஒலிபெருக்கி வைத்திருப்போர் 15 நாளில் அனுமதி வாங்க வேண்டும், இல்லையென்றால் இறக்கிவிட வேண்டும். நகரங்களில் அனுமதியைப் பற்றி முடிவெடுக்க மூவர் குழு: காவல் உதவி ஆணையர், மாநகராட்சிப் பொறியாளர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பிரதிநிதி. மதச் சண்டையின் சூட்டில் பிறந்த ஏற்பாடு அது என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் காவலர், பொறியாளர், வாரியக்காரர் மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது சரியான யோசனை. 'அளப்பது வாரியம், தடுப்பது போலீஸ்' என்று ஒருவரை ஒருவர் கைகாட்டுவது குறைய வழி உண்டு.

என் கணிப்பைக் கேட்டால், வியாபாரச் சத்தத்துக்குப் பெங்களூர் வழி பலமானது. கடைக்காரருக்கு இழக்க ஏதோ இருக்கிறது. தெருச் சத்தத்துக்குச் சென்னை வழி வேகமானது. வீட்டுப் பார்ட்டியின் முன்னால் இரண்டு ஊரும் கைபிசைந்து நிற்கின்றன.

தீபாவளியும் போர்வெல்லும்

பக்கத்து ஊர்கள் ஒரே தீர்ப்பை எப்படி வேறு வேறாக வாழ்கின்றன என்பதற்குத் தீபாவளி நல்ல சாட்சி. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீபாவளியன்று இரவு 8 முதல் 10 வரை மட்டும் பட்டாசு வெடிக்கலாம் என்றது. கர்நாடகத்துக்கு அது பொருந்தியது. தமிழ்நாட்டிலோ எண்ணெய் தேய்த்துக் குளித்து, விடியற்காலையில் வெடிப்பதுதான் தீபாவளி. தமிழ்நாடு அரசு நீதிமன்றம் போய், நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மொத்தம் இரண்டு மணி நேரம்தான் என்று அனுமதி பெற்றது. காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு பிரித்தது. காலையில் ஏன் ஆறு மணி என்று சலித்துக்கொள்வோர் உண்டு. ஒலி விதியில் இரவு முடிவது ஆறு மணிக்குத்தான் என்பதை நினைவில் வைத்தால், அந்த நேரம் பொருந்தி வருவது புரியும்.

இரண்டு ஊருக்கும் பொதுவான தலைவலி இரவு நேரக் கட்டுமானம். விதி தெளிவாகத் தடை செய்கிறது. ஆனால் கனரக வண்டிகளைப் பகலில் நகருக்குள் விடாமல் போக்குவரத்துக் காவல்துறை நிறுத்திவைக்கிறது. ரெடிமிக்ஸ் லாரியும் போர்வெல் ரிக் வண்டியும் இரவில்தான் தெருவுக்குள் வர முடியும். வந்த வண்டி வேலை செய்யாமல் நிற்குமா? அரசின் ஒரு கை இரவில் வா என்கிறது, இன்னொரு கை இரவில் சத்தம் போடாதே என்கிறது. தண்ணீர் இல்லாத கோடையில் பக்கத்து வீட்டுக்காரர் போர் போடும்போது புகார் கொடுக்கவும் மனம் வராது. அடுத்த வாரம் நாமே போடவேண்டியிருக்கும். ஆனால் மாதக்கணக்கில் நடக்கும் அடுக்குமாடிக் கட்டுமானத்துக்கு இந்தத் தயவு தேவையில்லை.

அபராதம்? 2024 ஏப்ரல் வரை சுற்றுச்சூழல் சட்டத்தில் ஐந்தாண்டுச் சிறை என்று பயமுறுத்தும் பிரிவு இருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டுச் சத்தத்துக்கு ஐந்தாண்டுச் சிறை என்றால் எந்த அதிகாரி வழக்குப் போடுவார்? இப்போது சிறையை எடுத்துவிட்டு, 10 ஆயிரம் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றியிருக்கிறார்கள். 2020-இல் மத்திய வாரியம் ஓர் அபராதப் பட்டியலையும் பரிந்துரைத்தது: ஒலிபெருக்கி மீறலுக்கு 10 ஆயிரம், கட்டுமான இயந்திரத்துக்கு 50 ஆயிரம், கூடவே பறிமுதல். பாரதிய நியாய சன்ஹிதாவில் பொதுத் தொல்லைக்கு ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. நிறுத்தச் சொன்ன பிறகும் தொடர்ந்தால் ஆறு மாதம் வரை சிறை. தொடர்ந்து தொல்லை கொடுக்கும் பட்டறை, ஜெனரேட்டர் போன்றவற்றுக்கு, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரிடம் மனு கொடுக்கலாம். ஜெனரேட்டர் என்றதும் ஒன்று: ஆயிரம் கே.வி.ஏ. வரையிலான டீசல் ஜெனரேட்டர் ஒலித்தடுப்புக் கூண்டோடுதான் விற்கப்பட வேண்டும். கூண்டிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபல் தாண்டக் கூடாது. கூண்டுக் கதவைத் திறந்துபோட்டு ஓட்டினால் அந்தக் கணக்கு செல்லாது.

மேல்வீட்டுக் குழந்தையின் ஓட்டம், காலை ஐந்தரை மணி மிக்ஸி, நாய் குரைப்பு இவற்றுக்கெல்லாம் இந்த விதிகளைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அவை அசோசியேஷன் கூட்டத்திலும் ஒரு டம்ளர் காபியிலும் தீரவேண்டியவை.

போனில் என்ன சொல்வது

மறுபடி அந்த ஆடிச் சனிக்கிழமைக்குப் போவோம். 112-ஐ அழைத்தால் இரண்டு மாநிலங்களிலும் காவல்துறை கிடைக்கும். அந்தப் பெண்ணின் அப்பா இப்படிச் சொல்லியிருக்க வேண்டும்:

"சார், மணி பதினொன்னே கால். இந்தத் தெருவுல, இந்தக் கோயில் முன்னாடி, திறந்த வெளியில ஸ்பீக்கர் ஓடுது. பத்து மணிக்கு மேல அனுமதி கிடையாது. நிறுத்தச் சொல்லுங்க."

இதில் 'சத்தம் அதிகம்' என்ற சொல்லே இல்லை. எதிர்முனையில் இருப்பவர் 'கம்மி பண்ணச் சொல்றோம்' என்றால், "கம்மி பண்ண வேணாம் சார், நிறுத்தணும்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். விதி கேட்பது அதைத்தான்.

பெயரைச் சொல்லப் பயமாக இருந்தால் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூட நாலு வீட்டாரையும் தனித்தனியாக அழைக்கச் சொல்லுங்கள். செல்போனில் நேரம் தெரியும்படி ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். டெசிபல் ஆப் காட்டும் எண்ணை நீதிமன்றம் அளவாக ஏற்றுக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். வீடியோவில் தெரியும் கடிகாரம் அதைவிடப் பயன்படும். மறுநாள் காலையில் அதே விவரத்தை எழுத்தில் ஆணையருக்கும், பகுதி உதவி ஆணையருக்கும், வியாபாரச் சத்தமானால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாநகராட்சிக்கும் அனுப்புங்கள். இரவு அழைத்த நேரம், கொடுத்த புகார் எண், போலீஸ் வந்த நேரம் மூன்றையும் அதில் எழுதுங்கள். விதி எண் 8-இன் கீழ் அந்தச் சத்தத்தை எழுத்து மூலம் தடைசெய்யும் அதிகாரம் 'அதிகார அமைப்பான' ஆணையருக்கு உண்டு. காவல் நிலைய அறிக்கையை வைத்தோ, கிடைத்த வேறு தகவலை வைத்தோ அவர் அதைச் செய்யலாம். உங்கள் கடிதமும் ஒரு தகவல்தான்.

அந்தக் கடிதத்தை முதல் தடவையே அனுப்பிவிடுங்கள். நான்காவது தடவை பொறுமை இழந்து எழுதும்போது கையில் தேதி எதுவும் இருக்காது.